படகுக்குப் பனிக்காலக் காப்பு

முப்பத்திரண்டு ஆண்டுகள் பள்ளியில் அறிவியல் கற்பித்து, அவற்றுள் பிற்பகுதியில் தலைமை ஆசிரியனாகவும் இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஒருநாள் ஒன்பதாம் வகுப்பில், “நீர் உறையும்போது விரிவடைகிறது, குளிர் நாடுகளில் தண்ணீர்க் குழாய்கள் வெடிப்பதற்கு இதுவே காரணம்” என்று கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். பின்வரிசையில் ஒரு மாணவன் எழுந்தான். “ஐயா, நம் ஊரில் எந்தக் குழாயும் உறைவதில்லையே. நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?” என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. நான் சற்றுக் கடுமையாக, “தேர்வில் கேட்பார்கள், எழுதிக்கொள்” என்றேன். அவன் உட்கார்ந்துவிட்டான்.

அவன் கேட்டது குறும்பு அன்று, நேர்மையான கேள்வி. நான் சொன்னதோ விடையே அன்று. அந்தக் கடனை இன்று அடைக்க விரும்புகிறேன். ஏனெனில் நீர் உறைவதால் உடைந்த ஒன்றை நான் பின்னாளில் கண்ணால் கண்டேன். அது உடைந்ததற்கு நானே காரணமாகவும் இருந்தேன்.

2022ஆம் ஆண்டு செப்டம்பரில் என் மகளின் இல்லத்திற்குக் கனடா நாட்டின் டொராண்டோ நகருக்குச் சென்றேன். அந்நகரம் ஒண்டாரியோ ஏரியின் கரையில் அமைந்தது. ஏரி என்றதும் நம் ஊர் ஏரியை எண்ணிவிடாதீர்கள். அதன் மிகுந்த ஆழம் 244 மீட்டர். எதிர்க்கரை அமெரிக்க நாட்டைச் சேர்ந்தது. கோடையில் அதில் படகு செலுத்துவது அங்குள்ளார்க்குப் பெருவிருப்பம். என் மருமகனும் ஒரு பழைய படகை வாங்கி வைத்திருந்தார். முப்பது அடி நீளம். அதனுள் படுக்கை, சிறு சமையலிடம், குளியலறை எல்லாம் உண்டு. ஒரு சிறு வீடு தண்ணீரில் மிதப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள்.

அக்டோபர் பிறந்ததும் அப்படகுகளைப் பாரந்தூக்கி கொண்டு தூக்கித் தரையில் தாங்கிகள்மேல் நிறுத்திவிடுகிறார்கள். மீண்டும் ஏப்ரல் இறுதியிலோ மே மாதத்திலோதான் நீரில் இறக்குவார்கள். இடையே வரும் மாதங்களில் வெப்பநிலை சுழி டிகிரிக்குக் கீழே போவது அன்றாட நிகழ்ச்சி. அதற்கும் கீழே இருபது டிகிரி வரை இறங்கும் இரவுகளும் உண்டு. ஆதலால் தரையேறுமுன் படகின் தண்ணீர்க் குழாய்களையும் வெந்நீர்க் கலத்தையும் குளிர்காலத்திற்கு ஆயத்தம் செய்தாக வேண்டும். “மாமா, ஞாயிற்றுக்கிழமை இந்த வேலை இருக்கிறது, வருகிறீர்களா?” என்று மருமகன் கேட்டார். பாடப்புத்தகத்தில் இருந்த ஒரு வரி என்னைப் பெயர் சொல்லி அழைத்தது போல இருந்தது.

அவ்வேலையைச் சொல்லுமுன் அதன் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். பொருள்கள் குளிர்ந்தால் சுருங்கும் என்பது பொது விதி. நீரும் நான்கு டிகிரி செல்சியஸ் வரை அவ்விதிக்கு அடங்கியே நடக்கிறது. அதற்குக் கீழே அது எதிர்வழி செல்லத் தொடங்குகிறது. உறைந்து பனிக்கட்டியாகும்போதோ, ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்பது பங்கு பருமன் கூடிவிடுகிறது. அதாவது, ஒரு லிட்டர் நீர் உறைந்தால் அதற்குச் சுமார் 1,090 மில்லிலிட்டர் இடம் வேண்டும். உறையும் நீரின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்து, நடுவே வெற்றிடம் விட்டு அணிவகுத்து நிற்பதே இதற்குக் காரணம். கூட்டமாக நெருங்கி நிற்கும் பிள்ளைகளைக் கைகோத்து வட்டமிடச் சொன்னால், மைதானத்தில் மிகுதியான இடம் வேண்டியிருப்பதைப் போன்றது இது.

இந்தக் குணம் இல்லையேல் குளிர் நாட்டு ஏரிகளில் மீன்கள் பிழைத்திரா. பனிக்கட்டி இலேசாக இருப்பதால்தான் அது மேலே மிதந்து, கீழுள்ள நீருக்குப் போர்வையாகிறது. அடியில் நான்கு டிகிரி நீர் தங்குகிறது. அதில் உயிர்கள் வாழ்கின்றன. ஏரிக்கு அருளாக இருக்கும் அதே குணம், மூடிய கலத்திற்குக் கேடாக முடிகிறது. ஏரிக்கு விரிய இடம் உண்டு. மூடிய கலத்திற்கு அது இல்லை.

அந்த விசை எவ்வளவு பெரிது என்பதை அதே கனடாவில், கியூபெக் நகரில், 1784, 1785ஆம் ஆண்டுகளில் ஒருவர் சோதித்துப் பார்த்தார். அவர் பீரங்கிப் படையைச் சேர்ந்த மேஜர் எட்வர்டு வில்லியம்ஸ். உள்ளீடற்ற இரும்புக் குண்டுகளில் நீரை நிரப்பி, வாயை இறுக அடைத்து, குளிர்கால வெளியில் வைத்தார். வெடிமருந்து ஒரு பொடியும் இல்லை. நீர் உறைந்தது, அடைப்பு பிய்த்துக்கொண்டு நெடுந்தொலைவு பறந்தது, துளை வழியே பனிக்கட்டி ஒரு கோல்போல் வெளியே நீண்டு நின்றது. சில குண்டுகளின் இரும்பே பிளந்தது. இரும்பின் கதி இதுவானால், படகிலுள்ள மெல்லிய கலமும் பிளாஸ்டிக் குழாயும் எம்மாத்திரம்?

இனிப் படகுக்குள் செல்வோம். தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல் என்பது ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குக் கற்பித்த விதி. உங்கள் வீட்டில் மேல்நிலைத் தொட்டி உண்டு. அங்கிருந்து தண்ணீர் தன் எடையால் இறங்கி வருகிறது. படகில் தொட்டி தாழ்ந்த இடத்தில், படுக்கையின் கீழே இருக்கும். எனவே நீரைத் தள்ளித் தர மின்கலத்தால் இயங்கும் ஒரு சிறு பம்பு இருக்கும். குழாயைத் திறந்தால் அது தானே ஓடும். எல்லாக் குழாய்களையும் மூடினால் அழுத்தம் ஏறித் தானே நின்றுவிடும். இதை மறவாதீர்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

பம்பிலிருந்து வரும் நீர் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை நேரே குளிர்நீர்க் குழாய்களுக்குப் போகிறது. மற்றது வெந்நீர்க் கலத்துக்குள் புகுந்து, சூடேறி, வெந்நீர்க் குழாய்களுக்குப் போகிறது. நம் வீடுகளில் கீசர் என்பார்களே, அதுதான் அந்தக் கலம். மருமகனின் படகில் இருந்தது ஏறத்தாழ 23 லிட்டர் கொள்வது. அதற்குச் சூடு இருவழியில் வருகிறது. கரையில் கட்டியிருக்கும்போது மின்சாரத்தால் வரும். ஓடும்போது, இயந்திரத்தைக் குளிர்வித்துச் சூடான நீர்மம் கலத்தினுள் சுருண்டு செல்லும் ஒரு குழாய் வழியே ஓடித் தன் வெப்பத்தை நீருக்குக் கொடுக்கும். வீணாகப் போகும் வெப்பத்தைக் குளிக்கும் நீருக்குப் பயன்படுத்தும் இச்சிக்கனத்தை நான் மிகவும் மெச்சினேன்.

இந்தக் கலம் குளிருக்கு எளிதில் இரையாவது. நீர் வந்த வழியே திரும்பிப் போகாதபடி அதன் நுழைவாயிலில் ஒருவழி வால்வு இருக்கும். வெளிப்புறமிருந்து குளிர் ஏறும்போது ஓரத்து நீர் முதலில் உறைந்து சுவராகிறது; நடுவிலுள்ள நீர் பிறகு உறைய முயன்று, செல்ல வழியின்றிக் கலத்தையே நெட்டித் தள்ளுகிறது.

மருமகன் முதலில் செய்தது, கலத்துக்குச் செல்லும் மின்சாரத்தை நிறுத்தியது. நீரில்லாக் கலத்தில் மின்சாரம் பாய்ந்தால், சூடேற்றும் தண்டு சில நொடிகளில் கருகிவிடும். நிறுத்தியதோடு அமையாமல், “கலம் காலி, விசையைப் போடாதே” என்று ஒரு சீட்டெழுதி அவ்விசையின்மேல் ஒட்டினார். ஆறு மாதம் கழித்து வருபவர் தாமேயானாலும் மறந்திருப்பார் அல்லவா?

பின்பு எல்லாக் குழாய்களையும் திறந்து, பம்பை ஓட்டித் தொட்டியைக் காலி செய்தார். கலத்திலுள்ள நீர் ஆறியபின் அதன் அடியிலுள்ள வடிகால் திறப்பைத் திருகினார். சிறிது நீர் ஒழுகி நின்றுவிட்டது. நான் காலியாகிவிட்டது என்றேன். அவர் சிரித்துக்கொண்டே மேலேயுள்ள அழுத்தத் தடுப்பு வால்வின் பிடியைத் தூக்கினார். உடனே தண்ணீர் குபுகுபுவென்று கொட்டத் தொடங்கியது. இளநீரில் இட்ட குழலின் மேல்வாயை விரலால் அடைத்துத் தூக்கினால் உள்ளிருப்பது விழாது. விரலை எடுத்தால் விழும். அதே தத்துவம்தான். காற்று புக வழியின்றேல் நீர் வெளியேறாது. முப்பத்திரண்டு ஆண்டுகள் வளிமண்டல அழுத்தத்தைக் கற்பித்த நான் அதைக் கலத்தின் எதிரே நின்று மறந்திருந்தேன்!

கலத்தின் அடியில் ஒரு குவளை நீர் எஞ்சினால் கவலையில்லை. அது விரிவதற்கு மேலே வெற்றிடம் இருக்கிறது. ஆனால் குழாயின் வளைவுகளில், பம்பின் வயிற்றில், குழாய்த் தலைகளுக்குள் தங்கும் சிறு நீருக்கு அந்த இடம் இல்லை, அங்கேதான் உடையும். காற்றை ஊதி அந்நீரை வெளியேற்றுவாரும் உண்டு. ஆயினும் தாழ்ந்த வளைவுகளில் சிறிது தங்கிவிடக்கூடும். எனவே மருமகன் அந்நீரை அகற்றி, உறைந்து இறுகாத ஒரு நீர்மத்தை அவ்விடத்தில் நிரப்பும் முறையையே பின்பற்றினார்.

அந்நீர்மம் புரொப்பிலீன் கிளைக்கால் என்னும் பொருள் கலந்தது. இளஞ்சிவப்பு நிறமாக இருக்கும். கடுங்குளிரில் அது கூழ்போலத் தடித்தாலும் கல்லாக இறுகிக் குழாயைப் பிளக்காது. இங்கே ஓர் எச்சரிக்கை. மோட்டார் வண்டிகளின் இயந்திரத்தில் ஊற்றும் எத்திலீன் கிளைக்கால் என்ற பொருளும் உறைவதைத் தடுக்கும். பெயரும் ஒன்றுபோல் இருக்கும். ஆனால் அது இனிப்புச் சுவையுள்ள நஞ்சு. சிறுநீரகத்தைக் கெடுத்து உயிரையே போக்கும். குடிநீர் செல்லும் குழாயில் அதை ஒருபோதும் விடலாகாது. புரொப்பிலீன் கிளைக்கால் உணவிலும் மருந்திலும் சேர்க்கப்படுவது. பெயரில் ஒரு சொல்தான் வேறுபாடு. அந்த ஒரு சொல்லில் உயிர் இருக்கிறது. வேதியியல் பெயர்களை நீங்கள் பிழையின்றிப் படிக்க வேண்டுவதன் காரணம் இப்பொழுது விளங்கும்.

இந்த நீர்மத்தை அப்படியே பம்பினால் செலுத்தினால், வெந்நீர்க் குழாயில் அது தலைகாட்டுமுன் 23 லிட்டர் கலமும் நிரம்பியாக வேண்டும், பொருள் விரயம். அதற்கு ஓர் எளிய வழி செய்திருக்கிறார்கள். ஊருக்குள் நுழையாமல் செல்லப் புறவழிச்சாலை போடுவதில்லையா? அதுபோல் கலத்துக்குள் நுழையும் குழாயையும் வெளிவரும் குழாயையும் நேரே இணைத்துவிடுகிறார்கள். கலம் காலியாகவே இருக்கும். நீர்மம் அதைத் தொடாமல் வெந்நீர்க் குழாய்களுக்குப் போய்ச் சேரும்.

இனி என் பங்கு வருகிறது. மருமகன் கீழே, பம்பின் உறிஞ்சு குழாயை இளஞ்சிவப்பு நீர்மம் உள்ள கேனில் இட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு குழாயாகத் திறப்பதும், முதலில் வரும் வெறும் நீரும் பிறகு வரும் வெளிறிய நீரும் போய், நல்ல இளஞ்சிவப்பு வரும்வரை காத்திருந்து அறிவிப்பதும் என் வேலை. வெளிறிய நிறத்தோடு நிறுத்தலாகாது. அது நீர் கலந்து வலிமை குன்றியதன் அடையாளம். கையில் ஒரு பட்டியல் தந்திருந்தார். சமையலிடம் குளிர்நீர், சமையலிடம் வெந்நீர், குளியலறை குளிர்நீர், குளியலறை வெந்நீர், உள் ஷவர், பின்தள ஷவர் என ஆறு வரிகள். முடிந்ததற்கெல்லாம் ஒரு குறியிட வேண்டும்.

ஐந்தை ஒழுங்காகச் செய்தேன். ஆறாவது, படகின் பின்புறத் திறந்த தளத்தில், நீந்தி ஏறுவோர் உடலைக் கழுவிக்கொள்ள வைத்திருப்பது. அதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. ஏரிக்காற்று ஊசிபோல் குத்தியது. விரல்கள் மரத்துப்போயின. அது ஒற்றைப் பிடியுள்ள குழாய். ஒரு புறம் திருப்பினால் குளிர்நீர், மறுபுறம் திருப்பினால் வெந்நீர். நான் ஒரு புறம் திருப்பினேன். இளஞ்சிவப்பு வந்தது. “வந்துவிட்டது, மாப்பிள்ளை!” என்று உரக்கக் கூவினேன், பட்டியலில் குறியிட்டேன், கைகளைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டேன். மறுபுறம் திருப்பவில்லை. அப்போதே உள்ளத்தில் ஒரு சிறு ஐயம் எழுந்தது. “ஒரே குழாய்தானே” என்று அதை அடக்கிவிட்டேன்.

குளிர்காலம் வந்தது. வீட்டுச் சன்னலின் அருகே அமர்ந்து, பனி பொழிவதை என் பேரனோடு பார்த்துக்கொண்டிருந்தேன். சில இரவுகளில் அந்த ஐயம் மீண்டும் எட்டிப் பார்த்தது. அப்பொழுது சொல்லியிருந்தாலும் பயனில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

2023 ஏப்ரல் இறுதியில் படகை மீண்டும் ஆயத்தம் செய்தோம். புறவழியை நீக்கிக் கலத்தைப் பழையபடி இணைத்துத் தொட்டியில் நீரை நிரப்பிப் பம்பைப் போட்டோம். குழாய்களைத் திறந்து இளஞ்சிவப்பு நிறம் முற்றும் போகும்வரை கழுவினோம். வெந்நீர்க் குழாயில் காற்றுக் குமிழின்றி நீர் சீராக ஒழுகினால்தான் கலம் நிறைந்தது என்று பொருள். அதன் பின்னரே மின்சாரம். எல்லாம் சரியாகவே நடந்தது. கடைசியில் எல்லாக் குழாய்களையும் மூடினோம். பம்பு தானே நின்றிருக்க வேண்டும் அல்லவா? அது நிற்கவில்லை.

பம்பு நிற்கவில்லையென்றால் எங்கோ நீர் கசிகிறது. தேடிச் சென்றபோது பின்தளத்தின் அடியறையில் தண்ணீர் தேங்கி நின்றது. ஷவர்க் குழாயின் உடற்பகுதியில், வெந்நீர் நுழையும் பக்கத்தில், மயிரிழை போல ஒரு விரிசல். அதனை விரலால் தடவிப் பார்த்தேன். அந்தப் பின்வரிசை மாணவனின் முகம் நினைவுக்கு வந்தது. உறைந்து உடைந்த குழாயை ஆசிரியர் இப்போது பார்த்துவிட்டார்.

ஆறு மாதமாக இது தெரியாமல் போனது எப்படி? உடைத்த பனிக்கட்டியே விரிசலை அடைத்துக்கொண்டிருக்கும். அது உருகும்போது ஒழுகுவது ஒரு சில துளிகளே. புது நீர் அழுத்தத்தோடு பாயும்போதுதான் குற்றம் வெளிப்படும்.

மருமகன், “பழைய குழாய்தானே மாமா, தேய்ந்துபோயிருக்கும்” என்றார். நான் வாய் திறவாமல் இருந்திருக்கலாம்; அறிந்தவர் எவருமில்லை. பட்டியலில் என் குறி தெளிவாக நின்றது. அந்தக் குறிதான் என்னைச் சுட்டது. பணிக்காலத்தில் எத்தனை மாணவரை நான் கண்டித்திருக்கிறேன்! செய்முறைக் குறிப்பேட்டில், செய்யாத சோதனைக்கு அண்டை மாணவனின் அளவுகளைப் பார்த்தெழுதி வருவார்கள். “செய்யாததைச் செய்ததாக எழுதுவது பொய், அதைவிடக் கொடியது, அதை நம்பி வேறொருவர் நடப்பது” என்று கூறி, குறிப்பேட்டைத் திருப்பிக் கொடுப்பேன். அப்படிப்பட்ட நான் காணாததற்குக் குறியிட்டேன். அதை நம்பி ஒருவர் ஆறு மாதம் கவலையின்றி இருந்தார்.

“மாப்பிள்ளை, குழாய் தேய்ந்து உடையவில்லை. வெந்நீர்ப் பக்கம் நான் திருப்பவேயில்லை” என்றேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு பட்டியலை எடுத்தார். “பின்தள ஷவர்” என்றிருந்ததை அடித்துவிட்டு, “பின்தள ஷவர் குளிர்நீர்”, “பின்தள ஷவர் வெந்நீர்” என்று இரண்டு வரிகளாக எழுதினார். “என் பட்டியலும் குறையுடையதுதான் மாமா. அடுத்த ஆண்டு பார்ப்பவருக்கு இந்த வரி உதவும்” என்றார். பிழையை ஒப்புக்கொண்டதால் எனக்குக் குறைவு வரவில்லை. பட்டியலோ திருந்தியது. நான் மறைத்திருந்தால் மறு ஆண்டும் அதே குழாய், அதே இடத்தில், அதே காரணத்தால் உடைந்திருக்கும்.

மாணவ மணிகளே, உங்களுள் படகு வைத்திருப்பவர் சிலரே இருக்கலாம். உறைபனியில் குழாய்களைக் காக்க வேண்டிய நிலை பலருக்கு வாராமலே போகலாம். ஆயினும் இந்தச் சோதனையை நீங்கள் வீட்டிலேயே செய்யலாம். ஒரு பிளாஸ்டிக் புட்டியில் முக்கால் பாகம் நீர் ஊற்றி, நீர்மட்டத்தில் மையினால் கோடிட்டு, மூடாமல் உறைபெட்டியில் நிமிர்த்தி வையுங்கள். கண்ணாடிப் புட்டி வேண்டா. அது உடைந்து கையைக் கிழிக்கும். மறுநாள் பனிக்கட்டி கோட்டைத் தாண்டி எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று அளவுகோலால் அளந்து எழுதுங்கள். புத்தகம் நூற்றுக்கு ஒன்பது என்கிறது. உங்களுக்கு எட்டு வந்தால் எட்டு என்றே எழுதுங்கள். பத்து வந்தால் பத்து என்றே எழுதுங்கள். ஏன் வேறுபட்டது என்று பிறகு ஆராயலாம். கண்டதை எழுதுங்கள், காணாத இடத்தை வெறுமையாக விடுங்கள். வெறுமையான இடம் ஒருவரையும் ஏமாற்றாது.

அந்தப் பின்வரிசை மாணவன் இன்று எங்கேனும் இவ்வுரையைக் கேட்டுக்கொண்டிருப்பானேயானால், அவனுக்கு என் விடை இது: தம்பி, அன்று நான் பார்த்ததில்லை. பார்த்ததில்லை என்று அன்றே சொல்லியிருக்க வேண்டும். இன்று பார்த்துவிட்டேன். புத்தகத்திலுள்ள வரி உண்மைதான்.